சவரன் காசுக்கு மெருகு போடலாமா?

கேள்வி: காலமான என் பெரியப்பா வைத்திருந்த ஏழு பழைய பிரிட்டிஷ் சவரன் காசுகள் என் கைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் விக்டோரியா அரசியின் தலை. மற்ற ஆறிலும் ஐந்தாம் ஜார்ஜ். அந்த ஆறில் ஒன்று 1917ஆம் ஆண்டுக் காசு. சில காசுகள் செம்மை படிந்து மங்கியிருக்கின்றன. பிளாஸ்டிக் உறையில் இருந்த இரண்டில் பச்சையாக ஏதோ பிசுபிசுக்கிறது. தரகர் ஒருவர், “மெருகு போட்டுத் தரச்சான்றிதழ் வாங்கினால் மதிப்பு பல மடங்காகும், 1917 மிக அபூர்வம், ஏழு காசுகளையும் கொடுங்கள், நானே முடித்துத் தருகிறேன்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

மெருகு நகைக்கு அழகு; பழங்காசுக்கு அது காயம். அச்சு அழுத்தும்போது தங்கம் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளாக விளிம்பை நோக்கி ஓடி நிற்கிறது. அதிகம் புழங்காத காசை விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சக்கரத்தின் ஆரங்களைப்போல் ஒளி சுற்றிவரும். அந்த ஒளிதான் சேகரிப்பாளர் தேடுவது. துணியோ பற்பசையோ மெருகுச் சக்கரமோ பட்டால் முதலில் போவதும் அதுதான். அதற்குப் பிறகு அரசரின் புருவம், தாடி, குதிரையின் மார்பு என்று மேடான இடங்களெல்லாம் மழுங்கும்.

நீங்கள் சொல்லும் செம்மை அழுக்கே அல்ல. சவரன் காசு 22 காரட். பன்னிரண்டில் ஒரு பங்கு பெரும்பாலும் செம்பு. அந்தச் செம்பின் நிறம் காலப்போக்கில் மேலே தெரிகிறது. அமிலத்தில் முக்கினால் மேற்பரப்பின் செம்பு கரைந்து, வெளிறிய மஞ்சள் மட்டும் மிஞ்சும். பழகிய கண் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும்.

ஒருமுறை என்னிடம் 1872ஆம் ஆண்டுக் காசு ஒன்று வந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் நேற்று அச்சிட்டதுபோல் மின்னியது. பூதக்கண்ணாடியை வைத்ததும் விக்டோரியாவின் கன்னத்தில் பாத்திரம் தேய்த்ததைப்போல் ஒரே திசையில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள். கேட்டவர்கள் அனைவரும் உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலைதான் சொன்னார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கி நின்ற முகத்தை யாரோ ஒரு பிற்பகலில் அழித்துவிட்டார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் இரண்டு காசுகளுக்கும் அது பொருந்துவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அந்தப் பச்சைப் பிசுபிசுப்பு காசிலிருந்து வந்ததல்ல, உறையிலிருந்து வந்தது. வளையும் பிவிசி பிளாஸ்டிக் நாளாக நாளாக எண்ணெய் போன்ற ஒன்றைக் கசியவிடும். அதை அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் செம்பை அரிக்கும். இதைத் தூய அசிட்டோனில் கரைக்கலாம். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் நிறமும் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும் என்பதால் அது கூடாது. ஆய்வுக்கூடப் பொருள்கள் விற்கும் இடத்தில் தூய அசிட்டோனாகவே கேட்டு வாங்குங்கள். சன்னல் திறந்த அறையில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு காசை மட்டும் இடுங்கள். சில நிமிடங்கள் கழித்து விளிம்பைப் பிடித்து எடுத்து, புதிய அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, அப்படியே காற்றில் உலரவிடுங்கள். துடைக்காதீர்கள். பஞ்சால்கூட ஒற்றாதீர்கள். அசிட்டோன் பிசினை மட்டுமே கரைக்கும். தங்கத்தையும் செம்பையும் தொடாது. பச்சை போகவில்லை என்றால் அரிப்பு ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி அந்த 1917. லண்டனில் அச்சிட்ட 1917 சவரன் உண்மையிலேயே அபூர்வம்தான். ஆனால் அதே ஆண்டில் சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா நாணயச்சாலைகளும் சவரன் அச்சிட்டன. அவை அவ்வளவு அபூர்வமல்ல. குதிரைமேல் புனித ஜார்ஜ் டிராகனை வீழ்த்தும் பக்கத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள். ஆண்டு எண்ணுக்கு நேர் மேலே, தரையாக வரும் கோட்டின் நடுவில் ஒரு குட்டி எழுத்தைத் தேடுங்கள். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்போர்ன், பி பெர்த், சி என்றால் கனடாவின் ஒட்டாவா. எழுத்து எதுவும் இல்லை என்றால்தான் லண்டன். ஐ என்ற எழுத்து பம்பாய்க்கு உரியது. அது 1918ஆம் ஆண்டுக் காசில் மட்டுமே உண்டு. 1917உம் ஐயும் சேர்ந்திருந்தால் அது போலி.

எழுத்து இல்லாவிட்டாலும் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். இருந்த எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட முடியும். 1917 லண்டன் என்ற பெயரில் போலிகளும் நிறைய உலவுகின்றன. அந்த இடத்தில் கோடு மட்டும் வழவழவென்றோ லேசாகக் குழிந்தோ இருக்கிறதா என்று கவனியுங்கள். உரைகல் இங்கே உதவாது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பெய்ரூட் போன்ற இடங்களில் தரம் குறையாத உண்மைத் தங்கத்திலேயே போலிச் சவரன்கள் செய்தார்கள். தங்கம் உண்மை, காசு பொய்.

உங்கள் தரகர் இந்த எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒன்று, அவருக்குத் தெரியாது. அல்லது தெரிந்தே மறைக்கிறார். இரண்டுமே உங்களுக்கு நல்லதல்ல. “ஏழு காசுகளையும் கொடுங்கள்” என்பதில்தான் எனக்குச் சந்தேகம். மெருகு போட்டபின் காசின் பழைய அடையாளம் எதுவும் மிஞ்சாது. போனது உங்கள் காசு, வந்தது வேறு காசு என்று எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? எனவே இப்போதே ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியப் படம் எடுங்கள். ஒவ்வொரு பழங்காசிலும் அதற்கே உரிய தழும்புகள் இருக்கும். கைரேகைபோல் அவை சாட்சி சொல்லும். கிராமில் இரண்டு தசமம் காட்டும் தராசில் எடையும் குறியுங்கள். நாம் 8 கிராமைச் சவரன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். காசின் முறையான எடை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். தேய்மானத்தால் எடை சற்றுக் குறையலாம். கூடுவது சந்தேகத்துக்கு உரியது.

தரச்சான்றிதழ் விஷயத்தில் நான் பொறுமை இழந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சான்று தரும் நிறுவனங்கள் காசின் நிலையைப் பார்த்து 70 வரை புள்ளி போடுகின்றன. ஒரு புள்ளி ஏறினால் விலை எகிறுகிறது. என்னுடைய ஒரே காசை ஒரே நிறுவனத்துக்கு இரண்டு முறை அனுப்பினேன். இரண்டு முறையும் வேறு வேறு புள்ளி, இரண்டு முறையும் முழுக் கட்டணம். விளக்கம் கேட்டதற்கு அச்சடித்த ஒரு பதில் வந்தது. சான்று பெற்ற காசை அவர்கள் அடைத்துத் தரும் முத்திரைப் பெட்டியையே போலியாகச் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் சாதாரண ஜார்ஜ் காசுகளுக்கு அது வீண் செலவு. 1917இல் எழுத்து இல்லை என்றால் மட்டும், விற்கும் முன் அதை ஒன்றுக்கு இரண்டு நாணயவியல் வல்லுநர்களிடம் நீங்களே நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். காசு உங்கள் கண் பார்வையிலேயே இருக்கட்டும்.

காசுகளை அமிலம் கலவாத காகித உறையிலோ, கெட்டியான காசுச் சிமிழிலோ ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள். பெரியப்பா வைத்திருந்த அந்தப் பழைய பிளாஸ்டிக் உறைகளில் மட்டும் மறுபடி போடாதீர்கள்.