கால்நடை டாக்டர் பதில்கள்: கண் பட்டதா, அலகு பட்டதா?

கேள்வி: எட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் இன்னும் ஐந்து வாங்கி வந்து, அன்றைக்கே பழைய கோழிகளோடு விட்டேன். பத்து நாளில் இரண்டு சுணங்கிவிட்டன. ஒன்று புதுசு, இன்னொன்று பழசு. ஒரே தீனி, ஒரே தண்ணீர், ஒரே கூண்டு. மற்றதெல்லாம் நன்றாகவே மேய்கிறது. பக்கத்து வீட்டம்மா கண் பட்டுவிட்டது என்கிறார். (வாசகி, குடியாத்தம்)

பதில்: கண் பட்டதோ இல்லையோ, அலகு பட்டிருக்கும். தீனி போடும்போது அந்த இரண்டும் எங்கே நின்றன என்று பார்த்தீர்களா? ஓரத்தில் நின்றிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே 1921-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். உங்கள் எட்டும் அந்தக் கணக்கை எப்போதோ முடித்திருக்கும். புதிதாக ஐந்து வந்ததும் எல்லாம் முதலிலிருந்து. தோற்ற கோழி கடைசியில் தின்னும், நல்ல இடத்தில் அடைய முடியாது, எந்நேரமும் வெருண்டபடி இருக்கும். அப்போது அதன் உடம்பில் கார்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். தப்பி ஓடுகிற நேரத்துக்கு அது நல்லதுதான். நாள் முழுக்க ஏறியே கிடந்தால் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் லிம்போசைட் அணுக்கள் குறையும். இளங்கோழியாக இருந்தால், ஆசனவாய்க்கு மேலே இருக்கும் பர்சா என்ற சிறு பையும் சுருங்கும். எதிர்ப்பொருள் தயாரிக்கும் அணுக்கள் முதிர்வது அங்கேதான்.

கோழிக்கு மட்டும் இந்தக் கதி இல்லை. 2016-ல் அமெரிக்காவில் 45 பெண் குரங்குகளை ஐந்து ஐந்தாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். வள்ளிமலையில் நம் கைப்பையைப் பிடுங்குகிற ரகமல்ல, வடநாட்டுச் செம்முகக் குரங்கு. முதலில் விடப்பட்டது பெரும்பாலும் தலைவியானது, கடைசியில் வந்தது கடைசியிலேயே நின்றது. கீழே இருந்த குரங்குகளின் நோய் எதிர்ப்பு அணுக்களில் அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் அதிகம் வேலை செய்தன. எல்லாவற்றுக்கும் ஒரே தீனி, ஒரே மருத்துவம். அப்புறம் கூட்டத்தைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினார்கள். இடம் மாறிய குரங்குக்கு மரபணு வேலையும் கூடவே மாறியது! எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பிறவிக் கோளாறு அல்ல, நிற்கிற இடத்தின் கோளாறு.

அதற்காகக் கிருமியை மறந்துவிட வேண்டாம். சந்தைக் கோழி நோயைச் சுமந்து வந்திருக்கலாம், வெளியே தெரியச் சில நாள் ஆகும். கிருமி எல்லாக் கோழிக்கும் போயிருக்கும், தாக்குப்பிடிக்காதவை இரண்டு. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தாலோ, கழுத்து திருகினாலோ உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். இனிமேல் வாங்கினால் மூன்று வாரம் தனியே வையுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் பழைய கோழிகள் பார்க்கிற மாதிரி கூடைக்கடியில். “மூஞ்சி பழகட்டும்டா” என்பார் என் அம்மா. கலந்து விடுவதை இருட்டிய பிறகு செய்யுங்கள். தீனித் தட்டும் இரண்டு இடத்தில் இருக்கட்டும், ஒரு ரௌடிக் கோழியால் இரண்டையும் காவல் காக்க முடியாது.

கேள்வி: ராணிக்கெட் நோய் ராணிப்பேட்டையில் தோன்றியதா? (வாசகர், ஆற்காடு)

பதில்: பாவம் ராணிப்பேட்டை. கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குப் பெயர் கொடுத்த ராணிக்கெட் உத்தராகண்டில் இருக்கும் மலையூர். நம்ம ராணிப்பேட்டையில் 1932-லிருந்து இருப்பது கால்நடை நோய் தடுப்பு மருந்து நிலையம். ராணிக்கெட்டுக்கான தடுப்பூசி அங்கே தயாராகிறது. பெயர்ப் பொருத்தம் தற்செயல்.

தடுப்பூசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மருந்து பாதி வேலை, மீதியைக் கோழிதான் செய்தாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அணைக்கட்டுப் பக்கம் ஒரு பண்ணையில், கத்திரி வெயிலில், லாரியிலிருந்து இறக்கிய அன்றைக்கே ஊசி போட்டேன். கோழிகள் வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தன. அடுத்த மாதம் நோய் வந்தது அதே பண்ணைக்குத்தான். அவசரம் என்னுடையது. வெயிலிலும் பயணத்திலும் வாடிய கோழிக்கு எதிர்ப்பொருள் சரியாக ஊறாது. அதற்குப் பிறகு, இறங்கிய கோழி சில நாள் ஆறட்டும் என்று விட்டு, விடிகாலையில்தான் போடுவேன்.

கேள்வி: தேன்கூட்டில் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து இருக்கின்றனவே, தொற்று பரவாதா? (மாணவி, காட்பாடி)

பதில்: பரவும். அதனால்தான் வீட்டையே மருந்தாக்கி வைக்கின்றன. இத்தாலியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து கூட்டின் உட்சுவரில் பூசும். 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெட்டிக்குள் பிசின் பூசிக் கொடுத்தபோது தேனீக்களின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் குறைவாகவே வேலை செய்தன. சுவர் காவல் காக்கிறது, உடம்புக்குச் செலவு மிச்சம்.

ஆனால் நம்மூர்ப் பெட்டித் தேனீயிடம் இந்தப் பழக்கம் பெரிதாக இல்லை. ஜவ்வாது மலைத் தேன் வாங்கும்போது பிசினைத் தேடாதீர்கள். இவற்றின் வழி வேறு. நோயுற்ற புழுவை மோந்து கண்டுபிடித்து இழுத்து வெளியே போடும், உடம்பில் ஒட்டிய உண்ணியை ஒன்றுக்கொன்று பிடுங்கி எறியும். பிசின் பார்க்க வேண்டுமென்றால் பழைய வீட்டுச் சுவர்ப் பொந்தில் கொசுத்தேனீ இருக்கிறதா பாருங்கள். வாசலில் சின்னக் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அது மெழுகும் பிசினும் குழைத்துக் கட்டியது. கொட்டாது, பயப்படாமல் கிட்டப் போகலாம்.