ஒன்பதாம் வகுப்புப் பொது அறிவியல்: வீட்டில் எப்படி உதவுவது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். பொது அறிவியல் என்ற ஒரே பாடத்துக்குள் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வருகின்றன. வரையறைகளை அப்படியே ஒப்பிக்கிறாள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் திணறுகிறாள். நான் வணிகவியல் படித்தவள். அவள் உண்மையில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? நான் என்ன செய்யலாம்? மூன்றுக்கும் தனித்தனியாக டியூஷன் வைக்க வேண்டுமா?

பதில்: பாடநூலின் பொருளடக்கத்தைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். இயக்கம், விசை, ஆற்றல், வெப்பம், ஒளி, ஒலி, மின்னோட்டம். அப்புறம் அணு, தனிமங்கள், வேதிவினைகள், அமிலம், காரம், உப்பு. அதன் பிறகு செல், உறுப்பு மண்டலங்கள், தாவரங்கள், மரபியல், சூழலியல். சில பாடத்திட்டங்களில் பூமியும் சூரியக் குடும்பமும் சேர்ந்துகொள்ளும். இத்தனையையும் தாங்கி நிற்கும் கருத்துகள் கொஞ்சம்தான். அவற்றில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் நான் துகள் கருத்தை எடுப்பேன்: எல்லாப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனவை, அந்தத் துகள்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கின்றன.

இது கீழ்வகுப்பிலேயே வந்துபோயிருக்கும். மூன்று கட்டம் போட்டு, திண்மம், திரவம், வாயு என்று புள்ளி வைத்துப் படம் வரைந்திருப்பாள். அதோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில் நீர் கொதிக்கும்போது, அடுப்பு எரிந்துகொண்டே இருந்தாலும் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸிலேயே நின்றுவிடுகிறது. ஏன்? கொதிக்கும் நிலையில் உள்ள ஒரு கிராம் நீர் ஆவியாக சுமார் 2260 ஜூல் ஆற்றல் வேண்டும். கொடுக்கிற ஆற்றலெல்லாம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவே போய்விடுகிறது. அவற்றின் வேகத்தைக் கூட்ட மிச்சம் இல்லை. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பது இந்த இடத்தில்தான் பலருக்குப் பிடிபடும். வாசனை அறை முழுக்கப் பரவுவதும், சர்க்கரை கரைவதும், நுரையீரலில் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் நுழைவதும் இதே அசைவின் விளைவுகள். மூன்றும் வெவ்வேறு பாடங்களில் வருவதால் பிள்ளைகள் சேர்த்துப் பார்ப்பதில்லை. சேர்த்துக் காட்டுவதற்கு நீங்கள் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை, “இது அந்தப் பாடத்தில் வந்ததுதானே?” என்று கேட்டாலே போதும்.

வேதியியலில் பலரும் பயப்படுகிற சமன்பாடும் துகள்களை எண்ணுகிற வேலைதான். 4 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்சிஜனும் முழுதாக வினைபுரிந்தால் 36 கிராம் நீர் கிடைக்கும். வரவும் பற்றும் நேராக வேண்டும் என்பது உங்களுக்குப் பழக்கமான விஷயம். இங்கேயும் இடப்பக்கம் இருந்த அணுக்களில் ஒன்றுகூடக் குறையாமல் வலப்பக்கம் வந்தாக வேண்டும். இந்தப் பகுதியில் நீங்கள் தாராளமாக உதவலாம்.

இன்று மாலையே மகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒரு மரம் இவ்வளவு பெரிதாக வளர்கிறதே, அந்தப் பொருள் எல்லாம் எங்கிருந்து வந்தது? ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைத் தடங்கல் இல்லாமல் எழுதுகிறவர்களில்கூடப் பலர் மண்ணிலிருந்து என்பார்கள். வான் ஹெல்மாண்ட் என்ற மருத்துவர் இதை அளந்தே பார்த்தார். சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை சுமார் 74 கிலோ கூடியது. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தால் 60 கிராம்கூடக் குறையவில்லை. அவர் இறந்த பிறகு, 1648இல் வெளியான நூலில் இது இருக்கிறது. அப்படியானால் மரம் முழுக்க தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். அளவு சரி, முடிவுதான் பாதி தவறு. காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. உலர்ந்த மரத்தின் பொருளில் பெரும்பகுதி, காற்றில் இருக்கும் கார்பன் டைஆக்சைடிலிருந்து வந்தது. மகள் இந்தச் சோதனையில் என்ன விட்டுப்போனது என்று தானாகச் சொல்லிவிட்டால், நிறை மாறா விதியும் (வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை ஒன்றே) ஒளிச்சேர்க்கையும் சேர்ந்தே புரிந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

இயற்பியலில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே அன்றாட அனுபவமே குறுக்கே வந்து நிற்கும். தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது, ஆகவே ஓடுவதற்கு விசை வேண்டும் என்று தோன்றும். நிறுத்துவது உராய்வு; அது இல்லாவிட்டால் வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும் என்பதுதான் நியூட்டனின் முதல் விதி. பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்பது இன்னொன்று. ஒரே சுற்றில் தொடராக இணைத்த இரண்டு பல்புகளிலும் ஓடும் மின்னோட்டம் ஒரே அளவுதான், செலவாவது ஆற்றல். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்பதும் இந்த ரகம். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். பருவங்களுக்குக் காரணம் அதன் அச்சின் சுமார் 23.5 டிகிரிச் சாய்வு. இப்படித் தவறான எண்ணம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும்போது சரியான வரையறையை அதன் மேல் ஒட்டவைத்தால், கேள்வி மாறியதும் பழைய எண்ணம்தான் வெளியே வரும். உங்கள் மகள் திணறுவது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். அதனால் வரையறையைக் கேட்காதீர்கள். “இப்படிச் செய்தால் என்ன ஆகும்?” என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், காரணத்தையும் கேளுங்கள்.

கணக்குக் கேள்விகளுக்குச் சூத்திரத்தைவிட அலகுதான் நல்ல துணை. ஓர் உலோகத் துண்டின் நிறை 540 கிராம், கன அளவு 200 கன சென்டிமீட்டர். அடர்த்தியின் அலகு ‘கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம்’. அந்த அலகே கிராமைக் கன சென்டிமீட்டரால் வகுக்கச் சொல்கிறது. விடை 2.7. அலுமினியத்தின் அடர்த்தியும் அதுதான். அலகு எழுதாத விடையை நீங்கள் ஏற்றுக்கொள்ளவே வேண்டாம், இதில் கறாராக இருங்கள்.

உயிரியலில் பெயர்கள் அதிகம், அங்கே கொஞ்சம் மனப்பாடம் தவிர்க்க முடியாது. மரபியல் மட்டும் விதிவிலக்கு. மரபியலுக்கு அடிப்படை போட்ட மெண்டலின் பட்டாணிச் சோதனையில் இரண்டாம் தலைமுறையில் 5474 உருண்டை விதைகள், 1850 சுருங்கிய விதைகள். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாணயங்களைச் சேர்த்துச் சுண்டியே காட்டிவிடலாம்: சராசரியாக நான்கில் மூன்று தடவை ஒரு தலையாவது விழும், ஒரு தடவைதான் இரண்டும் பூவாக விழும்.

சோதனை செய்து பார்ப்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு நூல், கட்டித் தொங்கவிட ஏதாவது கனமான பொருள், கைபேசியில் இருக்கும் நிறுத்துக் கடிகாரம் போதும். நூல் ஒரு மீட்டர் இருந்தால், லேசாக ஆட்டிவிட்டுப் பத்து அலைவுகளுக்கு (ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) நேரம் பார்த்தால் சுமார் 20 விநாடி வரும். நீளத்தைப் பாதியாக்கினால் நேரமும் பாதியாகும் என்றுதான் யாரும் ஊகிப்பார்கள். ஆகாது, 14 விநாடிக்குப் பக்கத்தில் வரும். நீளத்தைக் கால் மீட்டராக்கினால்தான் 10 விநாடி. நீளம் என்பது மேலே கட்டிய இடத்திலிருந்து தொங்கும் பொருளின் நடு வரை. அப்புறம் நீளத்தை மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், நேரம் மாறாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்பது இதில் தானாகவே பழகிவிடும். ஓர் அலைவை மட்டும் அளக்காமல் ஏன் பத்து அளக்கிறோம், ஒவ்வொரு தடவையும் விடை ஏன் கொஞ்சம் மாறுகிறது என்பதையும் அவளே எழுதட்டும். பரிசோதனை அடிப்படையிலான தேர்வுக் கேள்விகள் பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று விஷயங்களைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. மின்சுற்று செய்ய ஆசைப்பட்டால் 1.5 வோல்ட் மின்கலம் போதும், வீட்டு மின்சாரத்தில் கை வைக்கக் கூடாது. சுத்தம் செய்யும் திரவங்களையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

டியூஷன் பற்றிக் கேட்டீர்கள். மூன்று பேரிடம் தனித்தனியாக அனுப்பினால் இப்போதே பிரிந்து கிடக்கிற பாடம் இன்னும் பிரிந்துதான் போகும். அதற்கு முன் அவளுடைய கணக்கைப் பாருங்கள். விகிதம், வரைபடம் வரைதல், ஒரு சூத்திரத்தில் வேண்டிய எழுத்தைத் தனியே பிரித்தெடுப்பது, இந்த மூன்றில் எதில் தடுமாறினாலும் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்தே தடுமாறும். அங்கே குறை தெரிந்தால் கணக்குக்கு மட்டும் உதவி தேடுங்கள். குறை இல்லையென்றால் இந்தப் பருவம் முழுக்க டியூஷன் இல்லாமலே விட்டுப் பார்க்கலாம்.