கழுத்துக் கருமையைத் தேய்க்காதீர்கள்

கேள்வி: கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து, பிரசவம் வரை இன்சுலின் போட்டுக்கொண்டேன். மகள் 4 கிலோ எடையுடன் பிறந்தாள். பிறந்த அன்றே அவளுக்குச் சர்க்கரை குறைந்துவிட்டதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். இப்போது வயது 7. இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு நீரிழிவு வரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து, வாரம் இருமுறை குளுக்கோமீட்டரில் பார்க்கிறேன். சாப்பிட்ட பின் 118, 124 என்று காட்டுகிறது. எப்போதும் இனிப்பு கேட்கிறாள். சிறுநீரில் எறும்பு வருவதுபோல் தோன்றுகிறது. இணையத்தில் வாங்கிய மூலிகைப் பொடி கொடுத்து வருகிறேன். ஒரு வருடமாக எடை கூடியிருக்கிறது. கழுத்தின் பின்புறக் கருப்பு எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அடுத்த குழந்தைக்கு யோசிக்கவே பயமாக இருக்கிறது. என் நோயை மகளுக்குக் கொடுத்துவிட்டேனா டாக்டர்?

பதில்: முதலில் அந்தப் பொடியை நிறுத்துங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். இல்லாத நோய்க்கு 7 வயதுக் குழந்தையின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்காதீர்கள். விரலைக் குத்துவதும் போதும். சாப்பிட்ட பின் 118, 124 என்பவை இயல்பான அளவுகள். இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். எனவே எறும்பை மறந்துவிடுங்கள். இனிப்பு கேட்காத குழந்தையும் இல்லை.

நோயை நீங்கள் கொடுத்துவிடவில்லை. கர்ப்பத்தின் பிற்பகுதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதை ஈடுகட்டப் போதிய இன்சுலின் சுரக்காத தாய்க்குச் சர்க்கரை ஏறுகிறது. நீங்கள் ஊசியாகப் போட்டுக்கொண்ட இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகவில்லை; தாண்டிப் போவது சர்க்கரைதான். அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது, அந்த இன்சுலின் கொழுப்பைச் சேர்க்கிறது. டென்மார்க் மருத்துவர் பெடர்சன் 1950களிலேயே தந்த விளக்கம் இது. பிறந்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது, சுரந்த இன்சுலினோ உடனே அடங்குவதில்லை. அன்று உங்கள் மகளுக்குச் சர்க்கரை குறைந்ததன் காரணம் இதுதான். அது நீரிழிவின் தொடக்கம் அல்ல.

ஆனால் கருவறையில் கிடைத்த அந்தக் கூடுதல் சர்க்கரை, பிற்காலத்தில் நீரிழிவு வருவதற்கான ஒரு சாய்வை விட்டுச்செல்கிறது என்பது உண்மை. அமெரிக்காவின் பீமா பழங்குடியினரிடம் செய்து 2000இல் வெளியான ஆய்வில், ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். தாய்க்கு நீரிழிவு வந்த பிறகு பிறந்தவர்களுக்கு, அதற்கு முன் பிறந்தவர்களைவிட அந்த நோய் அதிகம் வந்தது. பரம்பரை மட்டும் காரணமாக இருந்தால் அப்படி ஒரு வேறுபாடு இருக்காது. கர்ப்பிணிகளின் சர்க்கரை பற்றிப் பல நாடுகளில் நடந்த ஹாப்போ ஆய்வின் தொடர்ச்சியில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தும் சிகிச்சை பெறாத தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. மற்ற பிள்ளைகளில் அது நூற்றுக்கு 5. ஆபத்து இரட்டிப்பு என்று மட்டும் கூவும் இணையப் பக்கங்கள், மீதி 89 பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. நீங்களோ சிகிச்சை எடுத்துக்கொண்டவர்.

எனக்குக் கவலை தருவது, நீங்கள் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கும் அந்தக் கழுத்து. அங்கே தோல் தடித்து வெல்வெட் துணிபோல இருக்கிறதா, அக்குளிலும் அதே கருமை தெரிகிறதா என்று பாருங்கள். எடை கூடிவரும் குழந்தைக்கு இது பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து, சர்க்கரையை இயல்பான அளவிலேயே பிடித்து வைத்திருக்கும். மிகுந்து நிற்கும் இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டுவதால் தோல் தடித்துக் கறுக்கிறது. குளுக்கோமீட்டர் அளப்பது சர்க்கரையை மட்டும்தான், அதற்காகக் கணையம் படும் பாட்டை அது காட்டாது. 118 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள். அந்த எண்ணை வைத்து வேறொருவர் நிம்மதி அடைந்திருப்பார். இரண்டுமே தவறு.

இந்த வாரமே குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பிறந்தது முதல் எடுத்த எடை, உயரக் குறிப்புகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எடைக்கோடு எந்த வயதில் உயரத்தை விட்டு விலகி மேலே ஏறத் தொடங்கியது என்பது ஒரு நாள் இரத்தப் பரிசோதனையைவிட அதிகம் சொல்லும். இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), தேவைப்பட்டால் கல்லீரல் நொதிகள் ஆகியவற்றை அவர் பார்ப்பார். பட்டினி போடாதீர்கள். வளரும் வயது என்பதால் பல குழந்தைகளுக்கு எடையைக் குறைக்கவே தேவையில்லை, அது மேலும் ஏறாமல் நின்றாலே உயரம் அதை எட்டிப்பிடித்துவிடும். இனிப்புப் பானங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாம். அவளுக்கு மட்டும் தடை விதித்தால் ஒளித்துக் குடிக்கத்தான் கற்றுக்கொள்வாள். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடி விளையாட வேண்டும், இரவில் நேரத்தோடு தூங்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு எடை சீராகும்போது கழுத்தும் தெளியும், ஆனால் மாதங்கள் ஆகும்.

எடை குறைந்துகொண்டே அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் வந்தால் மட்டும் அது வேறு கதை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிரசவத்திற்குப் பிறகு உங்களுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குழந்தையின் விரலைக் குத்திய நீங்கள் உங்கள் விரலை விட்டுவிட்டீர்கள். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 7 முதல் 10 மடங்கு அதிகம். பிரசவமான 4 முதல் 12 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையும், அதன் பிறகு 1 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனையும் அவசியம். தவறியிருந்தால் இப்போது செய்யுங்கள். அடுத்த குழந்தை தாராளமாகப் பிறக்கட்டும், ஆனால் முடிவு கைக்கு வரும் முன் கருத்தரிக்க வேண்டாம். குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் வாரங்களில்தான் தாயின் உயர்ந்த சர்க்கரை அவற்றைப் பாதிக்கக்கூடும், அப்போது கர்ப்பம் என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. சர்க்கரை இருப்பது தெரியவந்தால், எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பதே பாதுகாப்பு.