பிளஸ் ஒன்னுக்கு '100 சதவீதத் தேர்ச்சி' தனியார் பெண்கள் பள்ளிக்கு மாற்றலாமா?

பேனரில் போட்டிருக்கும் 100 சதவீதத்தை மட்டும் நம்பி மகளை அரசுப் பள்ளியிலிருந்து மாற்றாதீர்கள்.

அது வடிகட்டி வந்த தேர்ச்சியாகவும் இருக்கலாம். சுமாராகப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்துவிட்டால் பத்தாவதில் யார் ஃபெயில் ஆவது? ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், அதே செட்டில் எத்தனை பேர் பத்தாவது எழுதினார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து, அங்கே பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணின் இயற்பியல் நோட்டைப் புரட்டுங்கள். அதில் பிளஸ் டூ பாடம் ஓடினால் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்; யோசிக்காமல் அங்கிருந்து கிளம்பிவிடலாம். நீட்டில் பிளஸ் ஒன் பாடமும் வரும். கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள் (இதை யாரும் கேட்பதில்லை).

ஆனால் மருத்துவப் படிப்பு எண்ணம் இருந்தால் கவனம்: நடுவில் தனியார் பள்ளிக்கு மாறினால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கைவிட்டுப் போய்விடும்.