கஞ்சாவும் குடியும்: கனடாச் சட்டம் பற்றிக் கேளுங்கள்

2018 ஒக்டோபர் 17இல் கனடாவில் வயது வந்தவர்களுக்குக் கஞ்சா சட்டபூர்வமானது. அன்றிலிருந்து கோயில் வாசலிலும் கலியாண மண்டபத்திலும் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "குடியை விட இது பரவாயில்லையாமே?" ரொறன்ரோவில் போதைச் சிகிச்சைப் பிரிவில் 17 வருடமாகத் தாதியாக வேலை செய்கிறேன். ஓரத்தில் கேட்டதை இங்கே எல்லாருக்கும் கேட்கக் கேளுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ, 22 வயது மாணவன்): அக்கா, குடியால எத்தினை பேர் சாகினம்? கஞ்சா புகைச்சு ஆராவது செத்ததெண்டு கேள்விப்பட்டிருக்கிறீங்களே? அப்பான்ர கிளாசைப் பற்றி வீட்டில ஒருத்தரும் கதைக்கினமில்லை. என்னை மட்டும் ஏசுகினம்.

பதில்: தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை உங்கள் அப்பாவும் வாசிக்க வேண்டும்.

உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2019ஆம் ஆண்டில் மட்டும் மதுவால் இறந்தவர்கள் 26 இலட்சம் பேர். மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அந்த அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இலேயே, சந்தேகமே இல்லாதவை என்ற முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. அளவு மிஞ்சிக் குடித்தால் மூச்சே நின்றுபோகும். கஞ்சா அப்படி மூச்சை நிறுத்தாது, ஏனென்றால் மூச்சை ஆளும் மூளைத் தண்டில் அது போய் ஒட்டும் இடங்கள் மிகக் குறைவு. விடும்போதும் இதே வித்தியாசம்தான். நெடுநாள் குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலித்து உயிரே போகலாம். கஞ்சாவை நிறுத்துகிறவருக்கு நித்திரை வராது, எரிச்சல் வரும், சாப்பாடு பிடிக்காது. அது உயிரை எடுப்பதில்லை.

மற்றப் பாதிக்கு வருகிறேன். அப்பாவின் கிளாசில் இருப்பது நஞ்சு என்பதால் உங்கள் கையில் இருப்பது மருந்தாகிவிடாது. 1990களில் பிடிபட்ட கஞ்சாவில் போதை தரும் ரி.எச்.சி சராசரியாக 4 வீதமளவில் இருந்தது. இன்று கடையில் 20 வீதத்துக்கு மேல் சாதாரணம். ஒரு தடவையாவது பாவித்தவர்களில் ஏறக்குறைய 9 வீதம் பேர் அடிமையாகிறார்கள் என்பது பழைய கணக்கு. பதின்ம வயதில் தொடங்கியவர்களில் அது ஆறு பேருக்கு ஒருவர். வீரியம் கூடியதை நாள்தோறும் புகைக்கிறவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்புப் பல மடங்கு கூடுகிறது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அப்படி நோய் இருந்ததா? எங்கள் சனம் இதை மறைப்பதுதான் வழக்கம், அதனால் அம்மாவிடம் நேரே கேளுங்கள். இருந்தால், தயவுசெய்து தொடவே வேண்டாம்.

கேள்வி (மார்க்கம், ஒரு அம்மா): 16 வயது மகளின்ர பையில கஞ்சா மிட்டாய் கிடந்தது. கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. பொலிசுக்குச் சொல்லவோ? அவருக்கு இன்னும் சொல்லேல்லை, சொன்னால் அடிச்சுப்போடுவார்.

பதில்: பொலிசும் வேண்டாம், அடியும் வேண்டாம் அம்மா. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 19 வயதுக்குக் கீழே வைத்திருக்கக் கூடாது, பொலிஸ் பறித்துக்கொள்ளலாம். ஆனால் 18க்குக் கீழ்ப்பட்ட பிள்ளை 5 கிராம் வரை வைத்திருப்பது மத்திய சட்டத்தில் குற்றமில்லை. பிள்ளைகளுக்குக் குற்றப் பதிவு விழக்கூடாது என்றுதான் அப்படி எழுதினார்கள். சட்டம் பாய்வது கொடுத்தவர் மேல்: சிறுவருக்குக் கஞ்சா கொடுத்தால் 14 வருடம் வரை சிறை.

முதலில் பொதியைப் பாருங்கள். சட்டக் கடையில் வாங்கியது என்றால் முத்திரை ஒட்டியிருக்கும், எச்சரிக்கை வாசகம் இருக்கும், பொதி முழுவதற்கும் சேர்த்து ரி.எச்.சி 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்காது. கடை இனிப்பு மாதிரியே வண்ணப் படத்தோடு, 500 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அது கள்ளச் சரக்கு. உள்ளே என்ன, எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது.

மிட்டாயில் ஒரு ஆபத்து இருக்கிறது, மகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள். புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும். சாப்பிட்டால் ஈரலுக்குப் போய் மாறித்தான் ஏறும், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் எடுக்கும். "ஒண்டும் செய்யேல்லை" என்று இரண்டாவதையும் மூன்றாவதையும் வாயில் போட்ட பிள்ளைகள்தான் நெஞ்சு படபடக்க, செத்துப்போகிறேன் என்று கத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருகிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இன்னும் கவனம். மிட்டாய் என்று எடுத்துத் தின்ற குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வருவது சட்டம் வந்தபின் கூடியிருக்கிறது. இந்தச் சட்டத்தின் தோல்வியென்று நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்றிரவு மகளின் அறைக்குப் போய்ப் பக்கத்தில் இருங்கள். "ஏனடி இப்படிச் செய்தாய்" என்று தொடங்காதேங்கோ. "இது உனக்கு என்ன தருது?" என்று கேளுங்கள். நித்திரையா, சிநேகிதரா, மனப்பயமா என்று தெரிந்தால்தான் அடுத்த அடி தெரியும். அவருக்கு நீங்கள் ஆறுதலாகச் சொல்லலாம், ஆனால் மகளோடு கதைத்த பிறகு.

கேள்வி (பிரம்ரன், ட்ரக் ஓட்டுநர்): இரவு கஞ்சா புகைச்சால் காலமை வாகனம் எடுக்கலாமோ? பியர் எண்டால் விடிய இறங்கிடும்தானே.

பதில்: இல்லை அண்ணை. மது தண்ணீரில் கரைகிறது, மணிக்கு மணி ஒரே சீராக இறங்கும், அதனால் ஊதச் சொல்லி அளக்கலாம். ரி.எச்.சி கொழுப்பில் போய் ஒளித்துக்கொள்ளும், அடிக்கடி பாவிப்பவருக்கு அது மெல்ல மெல்ல இரத்தத்துக்குத் திரும்பி வரும். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 2 நானோகிராம் இருந்தாலே தண்டனை, 5ஐத் தொட்டால், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் மது 80 மில்லிகிராமைத் தொட்டதற்கு உள்ள அதே தண்டனை. அதுவும் ஒன்ராறியோவில் உங்களைப் போல வணிக வாகனம் ஓட்டுகிறவருக்கு 'பூச்சியம்' மட்டும்தான். தெருவோரத்தில் எச்சிலில் தெரிந்தாலே அனுமதிப்பத்திரம் கையை விட்டுப் போகும்.

குடியுரிமை இன்னும் எடுக்காதவர்கள் இதைக் கவனியுங்கள். 2018 டிசம்பரிலிருந்து போதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை 10 வருடம். அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது 'பாரதூரமான குற்றம்' ஆகிவிட்டது. நீதிமன்றம் தண்டப்பணத்தோடு விட்டாலும், நிரந்தர வதிவிட உரிமையே ஆட்டம் காணலாம். குடி, கஞ்சா இரண்டுக்கும் இது பொருந்தும். இதைத் தெரியாமல் வழக்கில் "ஓம், குற்றவாளிதான்" என்று ஒப்புக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாய் திறக்க முன்னம் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி (அஜக்ஸ்): அம்மாவுக்கு முழங்கால் நோ. கஞ்சாவிலயிருந்து எடுக்கிற, போதையில்லாத சி.பி.டி எண்ணெய் ஒரு போத்தல் யாழ்ப்பாணம் கொண்டுபோகலாமோ?

பதில்: கூடாது. கனடா எல்லையை எந்தக் கஞ்சாப் பொருளோடு தாண்டினாலும் இங்கேயே குற்றம். போய் இறங்கும் இடத்தில் அது வேறு வழக்கு. சிங்கப்பூர் வழியாகப் பயணம் என்றால் யோசிக்கவே வேண்டாம். அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரலில் ஒரு கிலோக் கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தை என்று ஒரு தமிழரைத் தூக்கிலிட்டார்கள்.

கேள்வி (மொன்றியல், 68 வயது): அரசாங்கம் வரிக்காசுக்காகப் பிள்ளையளை நாசமாக்குது. படிச்ச நீங்களும் அதுக்குத் தாளம் போடுறியள். ஒரு குடி போதாதெண்டு இன்னொண்டோ?

பதில்: ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தாளம் போடவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

கனடாவில் கஞ்சா 1923இல் தடையானது. 1972இல் அரசே அமைத்த லெ டெய்ன் ஆணைக்குழு, வைத்திருப்பதைக் குற்றமாக்குவதை விடுங்கள் என்று சொன்னது. ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு 46 வருடம் தடை இருந்தது, கஞ்சாவும் தெருவில் இருந்தது. வந்தது குற்றப் பதிவுதான். எங்கள் பெடியன்களில் எத்தனை பேர் ஒரு சுருட்டுக்குப் பிடிபட்டு, வேலைக்குப் போகும் இடமெல்லாம் அந்தப் பதிவைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள்? 2019இல் காசு கட்டாமல் அந்தப் பதிவுக்கு மன்னிப்புக் கேட்க வழி திறந்தார்கள், கேட்டு வாங்கியவர்கள் கொஞ்சப் பேர்தான். குடிக்கும் இதே கதை நடந்திருக்கிறது. ஒன்ராறியோ 1916இல் மதுவை நிறுத்திப் பார்த்தது, 1927இல் அரசே கடை திறந்தது.

அதனால் தடையை எடுத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எப்படி விற்கிறோம் என்பதில்தான் என் சண்டை. உங்கள் கியூபெக்கில் அரசுக் கடை மட்டும்தான், வயது 21, மிட்டாய் விற்பதில்லை. ஒன்ராறியோவில் தனியார் கடை ஒரே தெருவில் நாலு. கியூபெக்தான் வடிவாகச் செய்திருக்கிறது.

ஆனால் நீங்கள் "ஒரு குடி போதாதெண்டு" என்று சொன்னீர்களே, அந்தக் குடியைப் பற்றி நாங்கள் ஏன் கதைப்பதில்லை? கஞ்சாப் பொதியில் விதவிதமாக வண்ணம் போட முடியாது, பெரிய எச்சரிக்கை கட்டாயம், விளம்பரத்துக்குக் கடும் கட்டுப்பாடு. சாராயப் போத்தலில் புற்றுநோய் என்று ஒரு சொல் இல்லை. 2017 நவம்பரில் கனடாவின் வடக்கே யூகொன் பிரதேசத்தில் ஆராய்ச்சிக்காக அப்படி ஒரு ஒட்டியைப் போத்தலில் ஒட்டினார்கள். மதுக் கம்பனிகள் எதிர்க்க, ஒரு மாதமளவில் அதை நிறுத்த வேண்டி வந்தது. 2024 செப்ரெம்பரிலிருந்து ஒன்ராறியோவில் மூலைக்கடையில் பால் வாங்கப் போனால் பக்கத்திலேயே பியரும் வைனும். எங்கள் சாமத்திய வீட்டில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சடங்கில், பார் வைக்காவிட்டால் "என்ன, கஞ்சத்தனமோ" என்கிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத வேதனை.

கஞ்சாவை மதுவைப் போல விற்கலாமா என்று நாடு கேட்டுக்கொண்டிருக்கிறது. மதுவைக் கஞ்சாவைப் போல விற்கும் நாள் வரவேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி (கோயம்புத்தூர்): மேடம், இங்க டாஸ்மாக் அரசாங்கமே நடத்துது, கஞ்சா வெச்சிருந்தா ஜெயில். தமிழ்நாட்டிலயும் கனடா மாதிரி பண்ணலாமா?

பதில்: மாநிலம் நினைத்தாலும் முடியாது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மத்திய அரசின் சட்டம். பூவும் காயும் பிசினும் தடை, தனி இலை தடையில் வராது. வடக்கே அந்த இலையை அரைத்துச் செய்கிற 'பாங்கு' விற்பது அந்த இடுக்கில்தான்.

கனடாவை அப்படியே எடுக்காதீர்கள் என்பேன். விற்பனையில் அரசுக்கே வருமானம் பழகிவிட்டால் குறைக்க மனம் வராது என்பதை 2003இலிருந்து சில்லறைக் கடை நடத்தும் டாஸ்மாக்கைப் பார்த்து வளர்ந்த நீங்களே அறிவீர்கள். முதலில் கஞ்சா புகைக்கிற பையனைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்புங்கள். போதைக்கு அடிமையானவர் குறைந்த அளவோடு பிடிபட்டு, தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்கு என்று அதே சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): அக்கா, அவருக்கு 54 வயது. ஒவ்வொரு இரவும் அரைப் போத்தல் விஸ்கி. கஞ்சா மிட்டாய் போட்டு நித்திரை கொண்டால் குடியை விடலாமெண்டு சிநேகிதர் சொல்லியிருக்கினம். திங்கட்கிழமையிலிருந்து ஒரேயடியாய் நிப்பாட்டப் போறாராம். நல்லதுதானே?

பதில்: தங்கச்சி, விட நினைத்தாரே, அது பெரிய விசயம். ஆனால் ஒரேயடியாக வேண்டாம். கனடாவின் 2023 வழிகாட்டி வாரத்துக்கு இரண்டு பானம் வரைதான் ஆபத்துக் குறைவு என்கிறது, ஒரு பானம் என்பது 43 மில்லிலீற்றர் விஸ்கி. அரைப் போத்தலில் எட்டுக்கு மேல் இருக்கிறது, அதுவும் ஒரே இரவில். இந்த அளவு பழகிய உடம்பு திடீர் நிறுத்தத்தைத் தாங்காது, வலிப்பு வரலாம். கஞ்சா அந்த வலிப்பைத் தடுக்காது. இரண்டையும் சேர்த்தால் தலைசுற்றும், விழுவார், வாந்தி வரும். குடியை விட உதவும் மருந்துகள் இருக்கின்றன: நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேற். குடும்ப வைத்தியரே எழுதித் தரலாம்.

திங்கட்கிழமைக்கு முன்னம் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள், உண்மையான அளவைச் சொல்லுங்கள், அவர் குறைத்துச் சொன்னால் நீங்கள் திருத்துங்கள். நாளைக் காலையில் அவர் தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கும்போது கையைப் பாருங்கள். முதல் கிளாசுக்கு முன்னம் கை நடுங்கினால் வைத்தியரின் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அவசர சிகிச்சைப் பிரிவுக்கே கூட்டிப்போங்கள். எனக்கும் எழுதுங்கள்.