சால்வோ லீமா: பலேர்மோவைக் கூறுபோட்ட மேயர்

கேள்வி: ரகசியச் சங்கத்தோடு கூட்டு வைத்திருந்த ஊழல் அரசியல்வாதி என்றால் யாரைச் சொல்வீர்கள்?

சால்வோ லீமாவைத்தான். நான் வருடக்கணக்கில் குடியிருக்கும், இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள இந்த பலேர்மோவுக்கு 1958 முதல் 1963 வரையும், பிறகு 1965 முதல் சில வருடங்களும் மேயராக இருந்தவர். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. மாஃபியா என்றதும் எல்லோருக்கும் துப்பாக்கிக் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது, ஆனால் கோசா நோஸ்திரா என்ற சிசிலி மாஃபியா அசல் ரகசியச் சங்கம். சேருகிறவனின் விரலைக் குத்தி, அந்த ரத்தத்தை ஒரு புனிதர் படத்தில் தடவி, படத்தை அவன் உள்ளங்கையிலேயே கொளுத்திச் சத்தியம் வாங்குவார்கள். 1984இல் அந்தச் சங்கத்து ஆளான தொம்மாசோ புஷெத்தா, மாஃபியா வழக்குகளை விசாரித்த நீதிபதி ஃபால்கோனேயிடம் வாய் திறந்த பிறகுதான் உள்விவகாரம் விரிவாக வெளியே வந்தது. அவரும் அப்போது அரசியல்வாதிகளைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார். 1992இல் ஃபால்கோனேயை மாஃபியா கொன்ற பிறகே லீமாவைப் பற்றிச் சொன்னார், லீமாவின் அப்பாவே சங்கத்து ஆள் என்றும் சொன்னார்.

லீமாவின் ஆயுதம் நகராட்சி முத்திரை. பொதுப்பணிப் பொறுப்பில் மாஃபியாவுக்குப் பேர்போன கொர்லியோனே ஊர்க்காரரான வீத்தோ சான்சிமினோ உட்கார்ந்தார். 1959 முதல் 1963 வரை நாலாயிரத்துச் சொச்சம் கட்டட அனுமதி கொடுத்தார்கள், அதில் பாதிக்கு மேல் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேருக்கு. அவர்கள் பெரிய ஒப்பந்தக்காரர்கள் இல்லை, கையில் காசில்லாத ஓய்வூதியக்காரர்கள், அதாவது பினாமிகள். நகரத்தைச் சுற்றியிருந்த எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்கள் கான்கிரீட் ஆயின. கட்டடக் கலைஞர் எர்னெஸ்தோ பசீலே கட்டிய வில்லா தெலியெல்லா என்ற அருமையான மாளிகையை, பாரம்பரியக் கட்டடம் என்று சட்டப் பாதுகாப்பு வந்துவிடும் முன்பே, 1959 நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை பார்த்து இடிக்கத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை யார் தடை வாங்கி என்ன பிரயோஜனம்? அந்த இடத்தில் இன்று கார்களை நிறுத்துகிறார்கள். எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். லஞ்சப் பணத்தை என்றைக்காவது பறிமுதல் செய்யலாம், அந்த வீட்டைத் திரும்பக் கட்டவா முடியும்?

அப்புறம் அவர் 1968இல் பாராளுமன்றம் போய், பலமுறை இத்தாலியப் பிரதமராக இருந்த ஜூலியோ அந்திரேயோத்தியின் அணியில் சேர்ந்து, சிசிலி வாக்குகளை மொத்தமாக அந்திரேயோத்தி பக்கம் திருப்பினார். 1974இல் லீமாவுக்கு இணை அமைச்சர் பதவி கொடுத்தபோது, அரசுக்கு ஆலோசகராக இருந்த பொருளியலாளர் பவுலோ சீலோஸ் லபீனி, இந்த ஆள் இருக்கும் இடத்தில் நான் இல்லை என்று விலகிவிட்டார். அவரைப் போல இன்னும் பத்துப் பேர் எழுந்திருந்தால்கூடக் கதை மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். யாரும் அசையவில்லை.

மாஃபியாவுக்கு இவரால் ஆக வேண்டியது ஒன்று இருந்தது: ஃபால்கோனேயும் அவருடைய சக நீதிபதி போர்செல்லீனோவும் நூற்றுக்கணக்கான மாஃபியாக்காரர்களைக் கூண்டில் ஏற்றிய பெருவழக்கின் தண்டனைகளை ரோமில் உடைப்பது. 1992 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதிசெய்தது, லீமாவால் தடுக்க முடியவில்லை. மார்ச் 12 காலை, பலேர்மோவின் கடற்கரைப் பகுதியான மொந்தெல்லோவில், வீட்டிலிருந்து புறப்பட்ட லீமாவின் காரை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். இறங்கி ஓடியவரைத் துரத்தி முடித்தார்கள். கூட வந்தவர்களைத் தொடவில்லை.

சான்சிமினோவுக்காவது மாஃபியா வழக்கில் தண்டனை கிடைத்தது. அந்திரேயோத்திக்கு 1980 வசந்தகாலம் வரை மாஃபியாவோடு உறவு இருந்தது என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, ஆனால் தண்டிப்பதற்கான சட்டக் காலக்கெடு முடிந்துவிட்டதால் தண்டிக்கவில்லை. லீமாவுக்கு எதிராக எந்தத் தீர்ப்பும் வரவில்லை. பாராளுமன்ற விசாரணைக் குழு அவருடைய மாஃபியா தொடர்பை வெளிப்படையாக எழுதியது 1993இல், அவர் செத்து ஒரு வருடம் கழித்து.