வௌவாலா, சுறாவா?

கேள்வி: சார், ஹார்லி-டேவிட்சன் வாங்குவது என்று முடிவாகிவிட்டது, வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதம் வாங்கியாயிற்று. ஆனால் 2024-ல் வந்த புது மாடலில் ஸ்ட்ரீட் கிளைடா, ரோடு கிளைடா என்று இரண்டு மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் ஒரே எஞ்சின், ஒரே திரை. எனக்கு ஸ்ட்ரீட் கிளைடின் முகம்தான் பிடித்திருக்கிறது, ஆனால் ஹைவேக்கு ரோடு கிளைடுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தினமும் ஆபீஸுக்குப் போக வேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவை மனைவியோடு எல் பாசோவில் தங்கை வீட்டுக்கு. எதை எடுப்பது?
- ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: எந்த முகம் பிடித்திருக்கிறது என்றும் எழுதிவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

இரண்டிலும் 1923 சிசி எஞ்சின், 6 கேலன் டேங்க், 12.3 இன்ச் டச் ஸ்கிரீன். உண்மையான வித்தியாசம் ஃபேரிங்கின், அதாவது காற்றைத் தடுக்க வண்டியின் முன்னால் மாட்டியிருக்கும் அந்த முகத்தின், அழகில் இல்லை, அதை எங்கே போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஸ்ட்ரீட் கிளைடின் 'வௌவால் இறக்கை' முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கோடு சேர்ந்தது, ஹேண்டில்பாரைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பும். ரோடு கிளைடின் 'சுறா மூக்கு' வண்டியின் எலும்புக்கூடான சேசிஸோடு இறுக்கியது, நீங்கள் எந்தப் பக்கம் ஒடித்தாலும் அது நேராகவேதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கு நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். முதல் தடவை வாடகைக்கு ஒரு ரோடு கிளைடு எடுத்து, பெட்ரோல் போட்டுவிட்டு மெதுவாக யு டர்ன் அடித்தேன். கை திரும்புகிறது, கண்ணுக்கு எதிரே அந்தப் பெரிய மூக்கு மட்டும் அசையவே இல்லை. வண்டி திரும்பவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஒடித்தேன் பாருங்கள், 380 கிலோ அப்படியே சாயப் பார்த்தது. காலை ஊன்றித் தப்பித்தேன். அரை மணி நேரத்தில் பழகிவிட்டது, ஆனால் அந்த அரை மணி நேரத்தை உங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஹைவே விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான். எல் பாசோ போகும் ஐ-10 ஹைவேயில் கெர்வில் ஊரைத் தாண்டினால் மணிக்கு 80 மைல் வேக வரம்பு, வெட்டவெளி, பக்கவாட்டுக் காற்று. பதினெட்டுச் சக்கர லாரி ஒன்றை முந்தும்போது அது கிழித்துவிடும் காற்று ஸ்ட்ரீட் கிளைடில் ஃபேரிங்கைத் தள்ளும், ஃபேரிங் ஃபோர்க்கைத் தள்ளும், கடைசியில் அது உங்கள் மணிக்கட்டுக்கு வந்து சேரும். ரோடு கிளைடிலும் காற்று தள்ளத்தான் செய்யும், ஆனால் மொத்த வண்டியும் சேர்ந்து லேசாக நகரும், ஹேண்டில்பார் பாட்டுக்கு அமைதியாக இருக்கும். ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கும்போது தோள்பட்டைக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது ஸ்ட்ரீட் கிளைடுதான். எல் பாசோ போக சுமார் 750 மைல், இரண்டு தடவை போய் வந்தால் 3000. மிச்ச நாளெல்லாம் நீங்கள் ஹூஸ்டன் டிராஃபிக்கில்தானே நிற்கப் போகிறீர்கள்? அங்கே பன்னிரண்டு கிலோ குறைவு, கைக்குப் பக்கத்திலேயே திரை, முன்னால் தரையை மறைக்காத முகம், இதெல்லாம் தினமும் உதவும். அப்புறம், 1969-ல் எலெக்ட்ரா கிளைடில் வந்ததிலிருந்து இந்த வௌவாலை மாட்டிக்கொண்டுதான் அமெரிக்காவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், யாருடைய மணிக்கட்டும் கழன்று விழவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. இரண்டு வண்டியிலும் பின் சீட் ஒரு பெயருக்குத்தான், முதுகுச் சாய்மானம் தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் 750 மைல் உட்காரவைத்தால், கஷ்டப்பட்டு வாங்கிய சம்மதம் சான் அன்டோனியோ தாண்டுவதற்குள் ரத்தாகிவிடும். விண்ட்ஷீல்டும் அப்படித்தான். ஹெல்மெட்டைக் காற்று போட்டு உலுக்குகிறது என்று ஃபேரிங்கைத் திட்டுபவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு கண்ணாடியின் உயரத்தில். நிமிர்ந்து உட்கார்ந்தால் அதன் மேல்விளிம்பு உங்கள் மூக்கு மட்டத்தில் இருக்க வேண்டும், அதற்கு மேலாகத்தான் சாலையைப் பார்க்க வேண்டும், அதன் ஊடாக அல்ல.

டெஸ்ட் ரைடுக்குக் காற்றடிக்கும் நாளாகப் பார்த்து, உங்கள் சொந்த ஹெல்மெட்டோடு, மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு என்றால் ஒத்துக்கொள்ளாமல், ஹைவே ஏறி இறங்க விடுவீர்களா என்று கேளுங்கள். காற்றில் ஸ்ட்ரீட் கிளைடு உங்களுக்குப் பயத்தைக் கொடுத்தால் நான் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு மற்றதை எடுங்கள்.

கேள்வி: இப்போது ஸ்ட்ரீட் கிளைடு எடுத்துவிட்டு, பிறகு சுறா மூக்கை வாங்கி மாட்டிக்கொள்ள முடியாதா?
- அதே வாசகர்

பதில்: செய்பவர்கள் இருக்கிறார்கள். பிராக்கெட், ஒயரிங், ஹெட்லைட், பெயின்ட் என்று பில் நீண்டுகொண்டே போகும். அந்தக் காசுக்கும் தலைவலிக்கும் வண்டியை விற்றுவிட்டு ரோடு கிளைடாகவே வாங்கிவிடலாம்.